பேக்கரிக் கண்ணாடியில் ஆறு நிறம்

நம் பேக்கரியின் முன்கண்ணாடியில் அந்த வானவில் ஸ்டிக்கரை ஒட்டியவன் நான்தான். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, ஸ்கேலை வைத்து நீவி நீவி, ஒரு காற்றுக் குமிழிகூட வராமல் ஒட்டினேன். அது என்னவென்று மட்டும் தெரிந்துகொள்ளாமல் ஒட்டினேன்.

மகளே, போன வாரம் நீ நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணி, காலேஜ் விவாதப் போட்டியின் தலைப்பை வாசித்துக் காட்டினாய். திருநங்கைகள், திருநம்பிகள், ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், இவர்களுடைய உரிமைக்காக வியாபாரிகள் வெளிப்படையாக நின்றால் வியாபாரத்துக்கு லாபமா, நட்டமா? "நம்ம கடையில நடந்ததைச் சொல்லுங்கப்பா, நான் அதையே பேசுவேன்" என்றாய். எனக்கு வந்த உற்சாகத்தில் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பாதி சொல்லும்போது அடுப்பில் பன் கருகும் வாசம் வந்து போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள். தம்பிக்கும் வாசித்துக் காட்டு. அப்போது அவன் சின்னப் பையன், கேக் தின்றது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

அது ஜூன் மாதம், நல்ல மழை. கேக்குக்கு வேண்டிய கிரீம் கொண்டுவருகிற கம்பெனி விற்பனையாளர் வாராவாரம் நம் ஊர் கருங்கலுக்கு வருவார். அந்த வாரம் கிரீமோடு ஒரு ஸ்டிக்கரையும் தந்தார். "கம்பெனி எல்லாக் கடைக்கும் குடுக்கச் சொல்லியிருக்கு அண்ணாச்சி. கண்ணாடியில ஒட்டுங்க, நான் ஒரு போட்டோ எடுத்து மேல அனுப்பணும்" என்றார். எழுத்து எதுவும் இல்லை. தடித்த கோடுகளாக வானவில் நிறங்கள். எனக்கு உடனே ஞாயிறு பள்ளிதான் நினைவுக்கு வந்தது. பெருமழை பெய்து உலகமே முங்கி, பேழை தரை தட்டிய பிறகு ஆண்டவர் வானத்தில் வைத்த வில். வானவில்லுக்கு வேறு ஓர் அர்த்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்ஃபில் பன்னிரண்டு வருடம் ரொட்டி சுட்டேன். அங்கே இந்தப் பேச்சையே யாரும் எடுக்க முடியாது.

அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. நம் சபையின் செயலாளர் சார் (ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் நாலு மணிக்குச் சாயாவும் தேங்காய் பன்னும் சாப்பிட வருவாரே, அவர்தான்) வாசலில் குடையை மடக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"கொள்ளாம் மக்கா! ஆண்டவருக்க வில்லு. கடைக்கு இதவிட நல்ல அடையாளம் உண்டா?" என்றார். பிறகு வாத்தியார் புத்தி விடுமா? விரலை நீட்டி எண்ணினார். "லேய், ஆறுதான் வருது. ஒரு நிறம் எங்க?"

"பிரஸ்காரன் விட்டிருப்பான் சார்."

"ஏழு நிறத்தை ஆறாக்குத காலம்" என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, கண்ணாடியைக் காட்டிப் பாடமே நடத்தினார். பிள்ளைகள் வந்தால் பப்ஸ் தீரும். எனக்குக் கசக்குமா?

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். மழை வலுத்துக்கொண்டிருந்தது. குலசேகரம் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் இருந்து சுடிதார் போட்ட ஒரு பெண் இறங்கி, நேரே நம் கடைக்குள் ஏறினாள். உயரமான ஆள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, இஞ்ச வேலை உண்டா? கேக்குக்கு ஐசிங் போடுவேன். திருவனந்தபுரத்துல ஒரு ஓட்டல் பேக்கரியில மூணு வருசம் நின்னேன்."

"வேலை உண்டுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பஸ்ஸுல போகும்போ கண்ணாடியில பாத்தேன், அதான் இறங்கிட்டேன்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "வில்லைப் பாத்தா வந்த? கொள்ளாம். எந்தச் சபையாக்கும்?"

"சபையா? நாங்க அய்யாவழியாக்கும் அண்ணே. வீட்டுல சாமி கும்பிட நிழல்தாங்கலுக்குத்தான் போவாங்க."

"பின்ன பேழைக்க கதை உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பேழை?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு முகம்.

"அண்ணே, அந்த ஆறு நிறம் எங்க ஆளுக்க கொடியாக்கும். தெரியாமலா ஒட்டுனிய?"

"எங்க ஆளுன்னா?"

"என்னைப் போல உள்ளவங்க. நான் திருநங்கை. இந்தக் கடையில நம்மள விரட்ட மாட்டாங்கன்னு சொல்லத்தான் அதை ஒட்டுவாங்க. நம்ம பக்கத்துல இப்படி ஒரு கடையான்னு நினைச்சு டிக்கெட் தீருறதுக்கு முன்னால இறங்கிட்டேன்."

மகளே, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம்தான் வந்தது. சார் என்ன சொல்வார், சபை என்ன சொல்லும் என்றுதான் மனசு ஓடியது. "ஆள் எடுக்கல" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் கல்லாவில் இருந்த உங்கள் அம்மா எழுந்து, கிரீம் நிரப்பிய ஒரு கூம்பைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

"பெரிசா பேசாண்டாம். இந்த கேக்குல ஏதாவது போட்டுக் காட்டு பாப்போம்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ரோஜா போடுவாள் என்று நினைத்தேன், எல்லாரும் ரோஜாதான் போடுவார்கள். அவள் கேக்கின் ஓரத்தில் பிச்சிப்பூச் சரம் கட்டினாள்! ஒவ்வொரு மொட்டும் நுனி கூர்ந்து, காம்புப் பக்கம் லேசாக ரோஸ் நிறம் ஏறி, நாரில் நெருக்கிக் கட்டிய மாதிரியே சுற்றி வந்து முடிந்தது. அம்மா குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"கேட்டியளா, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு இந்தப் பிள்ளைக்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

அப்படித்தான் நம் கடைக்குக் கேக் மாஸ்டர் வந்தாள். உன் தலைப்பில் இது முதல் கணக்கு. எந்த விளம்பரம் கொடுத்தாலும் கிடைக்காத ஒரு கை, தெரியாமல் ஒட்டிய ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து வந்தது. பிச்சிப்பூக் கேக் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. நிச்சயதார்த்தம், பிறந்தநாள், கல்ஃபில் இருந்து வந்தவன் கொடுக்கும் விருந்து என்று எதற்கும் "அந்த மொட்டு வச்ச கேக்கு" என்று கேட்டு வந்தார்கள்.

ஆனால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதத்தான் வேண்டும். அவளைப் பின்பக்கத்து அறையிலேயே வைத்தேன். பின்வாசல் வழியாக வரச் சொன்னேன். ஸ்டிக்கரின் அர்த்தத்தை யாருக்கும் சொல்லவில்லை. சார் வந்து வில்லைப் புகழ்ந்தால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். சபைக்காரர்களுக்கு அது பேழையின் வில், அவளுக்கு அது அவளுடைய கொடி, எனக்கு இரண்டு பக்கமும் வியாபாரம். அன்றைக்கு நீ என்னிடம் கேட்டிருந்தால் லாபமோ லாபம் என்று சொல்லியிருப்பேன். வெளிப்படையாக நின்றேனா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "அண்ணே, நான் செய்யுத கேக்கை நானே முன்னால கொண்டுவந்து குடுக்கட்டா?"

"பெறகு பாப்போம்" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஜூலை நடுவில் சார் வந்து, ஆகஸ்ட் முதல் ஞாயிறு சபை ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு கிலோவில் கேக் வேண்டும் என்றார். நம் கோயில் கட்டடம் மாதிரியே, மணிக்கோபுரத்தோடு. "மேல வளைஞ்சு ஒரு வில்லு வரணும் கேட்டியா. ஏழு நிறம். எண்ணிப் பாப்பேன்." கடைக்கு அதுவரை வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர். உள்ளே போய்ச் சொன்னேன். அவள் அப்போதே பென்சிலை எடுத்துக் கோபுரம் வரையத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது. சார் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். கேக் மாஸ்டர், வரைந்த தாளைக் காட்ட முன்பக்கம் வந்து நிற்கிறாள். கிரீம் கம்பெனி விற்பனையாளர் உள்ளே நுழைந்து, நேரே கண்ணாடியில் நகத்தை வைத்து ஸ்டிக்கரின் மூலையைச் சுரண்டுகிறார்.

"ஓய், என்ன செய்யுதீரு?" என்று சார் எழுந்துவிட்டார். "ஆண்டவருக்க வில்லை எதுக்குப் பிய்க்கீரு?"

"ஆண்டவரா? இது திருநங்கை, ஓரினச் சேர்க்கையாளர், அவங்களுக்க ஆதரவு ஸ்டிக்கர் சார். ஜூன் அவங்களுக்க பெருமை மாசமாம், அதுக்கு மட்டும்தான். ஜூலை பாதி ஆயாச்சு. இப்போ பாதாம் பால் ஸ்டிக்கர் வந்திருக்கு."

சாரின் கையில் பன் அப்படியே நின்றது.

கேக் மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒரு மாசத்துக்கா ஆதரவு? மிச்சம் பதினோரு மாசம் நாங்க எங்க போணும் சார்?"

விற்பனையாளர் பாவம். "எனக்குத் தெரியாது மேடம். மேல இருந்து குடுக்கதை ஒட்டுவேன், பிரிக்கச் சொன்னா பிரிப்பேன்."

சார் அவளைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாலே?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. "எனக்கும் இப்பத்தான் தெரியும் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு கிலோ கேக்கும் நிற்கும், சபையும் நிற்கும். அவள் கையில் இருந்த கோபுரப் படத்தைப் பார்த்தேன்.

"ஒட்டும்போ தெரியாது சார். ஆனா ஒரு மாசமா தெரியும். உங்ககிட்டச் சொல்லாதது எனக்க தப்பு. பிச்சிப்பூக் கேக்கு செய்யது இவதான். இவ இஞ்சதான் நிப்பா."

"நான் சண்டே ஸ்கூல் பிள்ளைகள வரிசையா கொண்டுவந்து காட்டினேனே லே!" அவர் குரல் உடைந்துவிட்டது. அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது. "கேக்கு விசயம் கமிட்டியில கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு, சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்குச் சாயந்தரம் அவள் தன் ஐசிங் சாமான்களை ஒரு துணியில் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எனக்காக கடை கெடாண்டாம் அண்ணே" என்றாள். அம்மா அந்தத் துணியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ போனா இஞ்ச மறுபடி ரோஜாதான். எனக்கு ரோஜா பாத்துப் பாத்து மடுத்துப் போச்சு."

நான் சொன்னேன், "கம்பெனிக்க ஸ்டிக்கர் போவட்டும். நாம ஒரு போர்டு வைப்போம். ஏழு நிறம், ஆறு நிறம் ஒண்ணும் வேண்டாம். யாருக்கும் தப்பா விளங்காதபடி நல்ல தமிழ்ல எழுதுவோம். ஆனா உனக்குச் சம்மதம்னா மட்டும்தான். ஊரு முழுக்க உன்னை உத்துப் பாக்கும்."

அவள் அம்மாவின் மடியில் இருந்த துணியை எடுத்துப் பிரித்தாள். பிறகு, "நான்தான் எழுதுவேன்" என்றாள்.

எப்படி எழுதினாள் தெரியுமா? பிரஷ் வேண்டாம் என்றாள். பட்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் பெயின்டை ஊற்றி, கேக்கில் எழுதுவது போலவே பலகையில் பிழிந்து எழுதினாள்! நான் முதலில் சொன்ன வாசகம், 'இங்கே வேலை செய்பவர் ஒரு திருநங்கை' என்பது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "முதல்ல கேக் மாஸ்டர்னு வரணும் அண்ணே. மத்தது பெறகு." கடைசியில் பலகையில் இப்படி வந்தது: 'எங்கள் கேக் மாஸ்டர் பெருமைக்குரிய திருநங்கை. இந்தக் கடையில் எல்லாருக்கும் ஒரே மரியாதை.' சுற்றிலும் பிச்சி மொட்டு. மறுநாள் காலையில் இரண்டு ஆணி அடித்து வாசலில் தொங்கவிட்டேன். சுத்தியல் இரண்டு தடவை என் விரலில் பட்டது. அவ்வளவு பயம், அவ்வளவு குஷி!

அன்றிலிருந்து அவள் முன்வாசல் வழியாக வந்தாள்.

இனிமேல் எழுதுவதை உன் பேச்சில் மறைக்காதே. முதல் வாரம் வியாபாரம் விழுந்தது. சாயந்தரம் பப்ஸ் தட்டில் மிஞ்சியது. இரண்டு பிறந்தநாள் கேக்குகளை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். காரணத்தைச் சொல்லவில்லை. வாடிக்கையாக வருகிற ஒருவர் வாசலிலேயே நின்று சத்தம் போட்டார்.

"பிள்ளைகள் வாற கடையாக்கும் ஓய் இது. என்னத்த எழுதி வச்சிருக்கீரு?"

அம்மா கல்லாவில் இருந்தே கேட்டாள், "கேக்கு செய்யது யாருன்னு எழுதி வச்சிருக்கு. உங்க மோனுக்க பிறந்தநாளுக்கு வாங்கினது இவ செய்த கேக்குதான். யாருக்காவது வயிறு வலிச்சா?"

உள்ளே சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் போனவர்தான். இன்றுவரை வரவில்லை. தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதே வாரத்தில் வேறு ஆட்களும் வந்தார்கள். மார்த்தாண்டத்தில் இருந்து இரண்டு இளைஞர்கள் பைக்கில் வந்து, போர்டை வாசித்துவிட்டு, வெகு நேரம் ஒரே தட்டில் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவே இல்லை. ஓர் அம்மா வந்து கேக் வாங்காமல் போர்டுக்குக் கீழேயே நின்றார். மாஸ்டர் போய், "என்ன வேணும் அக்கா?" என்று கேட்டதும், "எனக்க பிள்ளை வீட்டை விட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. உன்னைப் போலத்தான். உனக்கு உங்க வீட்டுல பேச்சுவார்த்தை உண்டா?" என்று கேட்டார். இரண்டு பேரும் உள்ளே போய் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா இப்போது மாதம் ஒரு தடவை வருகிறார்.

இதையெல்லாம் எப்படிக் கூட்டிக் கழிப்பது? பெரிய கம்பெனிகளுக்கு லாபமா என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் ஒட்டிவிட்டுப் பாதாம் பாலுக்கு மாறுகிறவர்களுக்குப் பெரிய நட்டம் வராது, பெரிய லாபமும் வராது என்றுதான் தோன்றுகிறது. அந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கினாள், அது உண்மை. ஆனால் அவள் இறங்கி உள்ளே வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதை ஸ்டிக்கர் செய்யாது. ஆள்தான் செய்ய வேண்டும். இதை நீ உன் பாணியில் அழகாகச் சொல்லிக்கொள்.

சரி, சபை கேக் கதைக்கு வருகிறேன். அவ்வளவு பெரிய கேக்குக்கு வெள்ளிக்கிழமையே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். விழா வாரத்து வியாழன் சாயந்தரம்வரை கமிட்டியிடமிருந்து பதில் இல்லை. செய்து வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவையும் யார் தின்பது? செய்யாமல் இருந்து, வேண்டும் என்று வந்துவிட்டால்? மாஸ்டர் மாவைச் சலித்துக்கொண்டே இருந்தாள். "அவங்க வேண்டாம்னு சொன்னா அன்னைக்கு நான் போயிடுவேன் அண்ணே. இந்தத் தடவை யாரும் தடுக்காதீங்க" என்றாள். அம்மா இன்னொரு சல்லடையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடை சாத்தும் நேரத்தில் சார் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. அவளைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

"கமிட்டியில பெரிய பேச்சு. பாதிப் பேரு வேண்டாம்னு. ஐயரு மட்டும் ஒரு வார்த்தை கேட்டாரு, கேக்கு நல்லா இருக்குமா இருக்காதான்னு. கடைசியில தீர்மானம் ஆச்சு. கேக்கு மட்டும் மதி, மேல வில்லு வேண்டாம்." (நம் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதானே சொல்லுவோம். உன் தோழிகளுக்கு இதை விளக்கிவிடு.)

நான் அவளைப் பார்த்தேன்.

"வில்லு வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். "ஆனா கேக்கை நான்தான் கொண்டுவந்து வைப்பேன். பின்வாசல் வழியா இல்ல."

சார் தரையைப் பார்த்தார். சலித்த மாவைப் பார்த்தார். "ஞாயிறு எட்டு மணிக்கு ஜீப்பு வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் சந்தோஷத்தில் கடைக்குள்ளேயே குதித்தோம் என்று சொன்னால் நம்புவாயா? அம்மாவும் குதித்தாள்!

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஜீப் வந்தது, சாரும் வந்தார். பின்சீட்டில் கேக்கை வைத்தோம். சாம்பல் நிறச் சுவர், சிவப்பு ஓடு, வெள்ளைக் கோபுரம், கோபுரத்துக்குள் ஒரு குட்டி மணி, மதிலுக்குப் பதில் சுற்றிலும் பிச்சிச் சரம். கேக்குக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் கேக் வைத்த பலகையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த சார் பதறித் திரும்பி, "பிள்ளே, கோபுரம் சாயாம பிடிச்சுக்கோ!" என்றார்.

அதுவரை அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. தங்கச்சி என்றில்லை, ஏட்டி என்றில்லை, ஒன்றும் இல்லை. டிரைவருக்கு மேலே இருந்த குட்டிக் கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்தாள். "சாயாது சார். உள்ள கம்பு குடுத்திருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சபை மண்டபம் நிறைந்து கிடந்தது. அவள் முன்வாசல் வழியாகவே கேக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். இரண்டு குடும்பம் எழுந்தே போய்விட்டது. அவர்கள் போனதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பிள்ளைகள் மட்டும் "மணி இருக்கு, மணி இருக்கு!" என்று கத்திக்கொண்டு மேசையைச் சுற்றினார்கள். வைத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போய் நின்றோம்.

ஜெபம் முடிந்தது. எல்லாரும் ஆமென் சொல்லி மண்டபமே அமைதியான அந்த நொடியில், ஐயர் கத்தியை எடுத்துக் கோபுரத்துக்கு நேரே கீழே வைத்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஐயரே! அங்க வெட்டாண்டாம், கம்பு இருக்கு!"

மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு பாடகர் குழுவில் இரண்டு பெண்கள். பிறகு ஐயரே குலுங்கிச் சிரித்தார்.

"எனக்கு எப்படித் தெரியும் மக்கா? நீயே வந்து எடம் காட்டு."

அவள் நகரவில்லை. சார் நடு வரிசையில் எழுந்து நின்று, கையை ஆட்டி, "போ பிள்ளே, போ. கேக்கு ஒடஞ்சா எனக்க மானம் போவும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. அவள் அந்த நீளமான நடைவழியில் முன்னால் நடந்து போனாள். ஐயர் பிடித்திருந்த கத்தியை லேசாக இடது பக்கம் நகர்த்தி, "இஞ்ச" என்றாள். கத்தி இறங்கியது. கோபுரம் அசையவே இல்லை! மண்டபமே கை தட்டியது.

அதற்குப் பிறகு மேசைப் பக்கம் என்னால் போகவே முடியவில்லை. சேலைக் கூட்டம் அவளை மூடிவிட்டது. "இந்த மொட்டு எப்பிடிட்டி வச்ச?", "எனக்க மோளுக்க நிச்சயத்துக்கு ரெண்டு அடுக்கு கேக்கு வேணும்", "நம்பரைத் தா, கடைக்க நம்பர் வேண்டாம், உனக்க நம்பர்!" ஒரு தாளில் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கிரீம் கை பட்டு எழுத்தெல்லாம் வழுக்கியது. திடீரென்று தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு மேலாக என்னிடம் கத்தினாள்.

"அண்ணே, வார சனிக்கிழமைக்கு எத்தனை கேக்கு முடியும்?"

"நீதான மாஸ்டர்! நீயே சொல்லு!" என்று நானும் கத்தினேன்.

"நாலு!" என்றாள் அவள், சுற்றி நின்றவர்களிடம்.

"அப்போ அஞ்சாவது எனக்கு" என்றார் கூட்டத்தில் முன்னேற முடியாமல் பின்னால் நின்ற ஐயரின் மனைவி.